காட்டிக் கொடுத்தல்: யூதாசின் கதையும் அதன் வளர்ச்சியும்

உலக இலக்கியங்களில் வஞ்சகர் பலர் உளர். அவருள் தம் பெயரே பழிச்சொல்லாகிப் போனவர் மிகச் சிலர். இயேசுவைப் பகைவர் கையில் ஒப்புவித்த யூதாசு அச்சிலருள் ஒருவன். முப்பது வெள்ளிக்காசு, முத்தம், தூக்குக் கயிறு என்னும் மூன்றுமே அவன் கதையாகப் பலர் நெஞ்சில் நிற்கின்றன. சுவிசேஷங்கள் நான்கையும் ஒப்புநோக்குவார்க்கோ அக்கதை இத்துணை எளியதன்று என்பது புலனாகும். மூலநூல்கள் பலர்மேற் பகிர்ந்துவைத்த பழியைப் பிற்காலக் கதைமரபு ஒருவன் தலையில் ஏற்றியது. பின்னர் அவன் இனத்தின் தலையிலும் ஏற்றியது. அம்மாற்றம் நிகழ்ந்தவாறே ஈண்டு ஆராயப்படுவது.

நான்கனுள் காலத்தால் முந்தியது மாற்குவின் நூல் என்பது ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் கருத்து. அந்நூலில் யூதாசின் நோக்கம் இன்னதென்று கூறப்படவில்லை. அவன் குருமாரிடஞ் செல்கிறான், அவர்கள் மகிழ்ந்து பணந்தர வாக்களிக்கின்றனர், அவ்வளவே. மத்தேயுவின் நூலில் அவனே விலை பேசுகிறான். முப்பது காசென்னும் தொகையும் அங்கேதான் வருகிறது. லூக்கா சாத்தான் அவனுட் புகுந்ததாகக் கூறுகிறார். யோவான் அதனோடமையாது, பணப்பையைக் காத்த அவன் முன்னரே திருடன் என்கிறார். நோக்கம் சொல்லப்படாத ஒரு செயலுக்கு நூல்தோறும் காரணம் பெருகிவருதல் கருதத்தக்கது. அவன் இறந்தவாறும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. மத்தேயு நூலில் அவன் மனம் வருந்திக் காசை எறிந்து தூக்கிட்டு மாள்கிறான். அப்போஸ்தலர் நடபடிகளிலோ தான் வாங்கிய நிலத்திலே தலைகீழாய் வீழ்ந்து வயிறு வெடித்து இறக்கிறான். முன்னதில் கழிவிரக்கம் உண்டு. பின்னதில் தண்டனையே உண்டு.

யூதாசின் செயலைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் ஆளப்படும் வினைச்சொல் 'கையளித்தல்' என்னும் பொருளது. மாற்குவின் நூலில் அச்சொல் யூதாசுக்கு மட்டும் உரியதன்று. யூதாசு இயேசுவைக் குருமாரிடங் கையளிக்கிறான். குருமார் பிலாத்துவிடங் கையளிக்கின்றனர். பிலாத்து சிலுவையில் அறையுமாறு சேவகரிடங் கையளிக்கிறான். ஒரே சொல் மூவர் செயலையும் ஒரு சங்கிலியாகப் பிணைக்கிறது. தமிழில் நாம் வழங்கும் 'காட்டிக் கொடுத்தல்' காட்டல், கொடுத்தல் என்னும் இரு வினைகளால் ஆயது. முத்தத்தால் அடையாளங் காட்டிய யூதாசுக்கு அச்சொல் மிகப் பொருந்தும். எனினும் ஏனையோர் செய்த கொடுத்தலை அது மறைத்துவிடுகிறது. மறுதலித்த பேதுருவையும் ஓடிப்போன சீடரையும் சுவிசேஷங்கள் மறைக்கவில்லை. பேதுரு மும்முறை மறுத்தான், பின்னர் அழுதான், அழுதபின் மீண்டுவர வாழ்ந்திருந்தான். மத்தேயு காட்டும் யூதாசும் வருந்தியவனே. அவனுக்கு மீளும் காலம் வாய்க்கவில்லை.

இடைக்காலக் கதைமரபு இந்நுட்பங்களைப் போற்றவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராகினே என்பார் தொகுத்த புனிதர் வரலாற்று நூலில், தாய் கண்ட தீக்கனவினால் யூதாசு குழந்தைப் பருவத்திலேயே பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறான். அரசி ஒருத்தியால் வளர்க்கப்படுகிறான். அவள் மகனைக் கொல்கிறான். அறியாது தந்தையைக் கொன்று தாயையே மணக்கிறான். பேழையில் மிதந்த குழந்தை நமக்குக் கர்ணனை நினைவூட்டும். ஆனால் கர்ணன்மேல் இரக்கம் பிறப்பிக்கும் அந்நிகழ்ச்சி, யூதாசின்மேல் வெறுப்பையே பிறப்பிக்கிறது. பிறவியிலேயே கொடியவன் செய்யும் கொடுமை யாரையும் திடுக்கிடச் செய்யாது. ஆதலின் இக்கதை யூதாசின் பழியைப் பெருக்கித் துரோகத்தின் அவலத்தைக் குறைத்துவிட்டது.

அதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. இயேசுவும் சீடர் பன்னிருவரும் யூதரே என்பது மறக்கப்பட்டது; யூதாசு ஓர் இனத்தின் உருவாக்கப்பட்டான். பல நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவில் யூதர்மேல் நிகழ்ந்த கொடுமைகளுக்கு இப்பழியும் ஒரு காரணமாயிற்று. இயேசுவின் பாடுகளுக்குரிய பழியை அக்கால யூதர் அனைவர்மேலோ இக்கால யூதர்மேலோ சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது.

தமிழ்மரபில் இதனோடு ஒப்பிடத்தக்கது சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக் கட்டினுள் படைக்கலம் மறைத்து வந்து நாயனாரைக் குத்துகிறான். நாயனார் தம் காவலனாகிய தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு பணிக்கிறார். கெத்செமனேயில் இயேசுவும் யூதாசைத் தோழனென்றே விளிப்பதாக மத்தேயு கூறுகிறார். பொறையில் இருவரும் ஒப்பர். வஞ்சித்தவரோ வேறுபடுவர். முத்தநாதன் அடியார் வேடம் புனைந்த பகைவன். யூதாசோ வேடம் புனையாத நண்பன், ஒரே கலத்தில் உண்டவன். தொழும் கையினுள்ளும் ஆயுதம் மறைந்திருக்குமெனக் கூடாநட்பில் வள்ளுவர் விடுக்கும் எச்சரிக்கை முத்தநாதனுக்குப் பொருந்தும். மெய்யான நட்பே முறிகின்றவிடத்து எவ்வெச்சரிக்கையும் பயன்படாது. சுவிசேஷக் கதையின் அவலம் இதுவே.

இவ்வாராய்ச்சி கண்டிச் சீமைக்கு அயலானதன்று. 1692இல் கண்டி இராச்சியத்துட் புகுந்த கோவைக் குருவாகிய யோசே வாஸ் அடிகள் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் அந்நகரில் அம்மை நோய் பரவியபோது நோயாளரைப் பேணியவரும் அவரே. அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் தவக்காலத்தில் ஈழத்து ஆலயங்களில் இசையோடு வாசிக்கப்படுகிறது. ஆயினும் ஒருவர் பழியைப் பலர்மேல் ஏற்றும் வழக்கம் இம்மண்ணை விட்டு நீங்கவில்லை. 1983 ஆடியில் தமிழர் அதனால் அழிந்தனர். 2018 மார்ச்சில், பன்விலவிற்கு அணித்தாயுள்ள திகன, தெல்தெனியப் பகுதிகளில், சிலர் செய்த கொலைக்காக முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தமிழரிடையேயும் 'துரோகி' என்னும் ஒரு சொல்லால் உயிரிழந்தோர் பலர்.

இறுதி இராவுணவின்போது, தம்முள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பானென இயேசு கூறியதும், சீடர் ஒவ்வொருவரும் அவன் தானோ என்றே வினவியதாக மாற்கும் மத்தேயுவும் கூறுகின்றனர். அவருள் ஒருவரேனும் அருகிருந்தவனைச் சுட்டவில்லை. பிறனைச் சுட்டுமுன் தன்னை வினவிய அவ்வச்சத்தைக் கதைமரபு கைவிட்டது; மூலநூல் காத்துவைத்துள்ளது. யூதாசின் கதையைக் கற்பார் கொள்ளத்தக்க பயனும் அதுவேயாம்.