தாலாட்டும் தாயின் இரவும்

தாலாட்டைத் தாய்மையின் இன்பப் பெருக்கென்று மெச்சி அமைவது நம் திறனாய்வாளர் பலரின் வழக்கம். பொன் தொட்டிலையும் மாமன் சீரையும் வியக்கும் அவர்கள், அப்பாடல் எங்கே, எந்த வேளையில் பாடப்பட்டது என்று கேட்பதில்லை.

மாத்தளைத் தோட்டமொன்றின் லயக்காம்பராவை எண்ணிப் பார்ப்போம். புகை படிந்த சிறிய அறை. காய்ச்சலால் அழும் குழந்தை. விடிந்தால் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய தாய். பாட்டு அங்கே, தொட்டிற்சேலையை ஆட்டும் கையைப் போல, உழைப்பின் கருவி. மீண்டும் மீண்டும் வரும் அடிகளும், நீண்டு செல்லும் உறவுமுறை வரிசையும் கற்பனை வளத்தால் மட்டும் பிறந்தவையல்ல. குழந்தை உறங்கும்வரை பாட்டு முடியலாகாது என்ற தேவையும் அவ்வடிவத்தை வகுத்தது.

பாடவும் பொழுதில்லாத இடத்தில் நேர்ந்தது என்ன? 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் பலர், குழந்தைக்கு அபின் கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். குற்றம் தாயினுடையதா, அவளை அந்நிலைக்குத் தள்ளிய ஆலை முறையினுடையதா?

மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று திரட்டித் தந்தார். அவற்றைப் பாடியவளின் இரவோடு சேர்த்துப் படிப்பது நம் கடமை. நோயுற்ற குழந்தை உறங்கப் பாட்டு மட்டும் போதாது. எட்டும் தொலைவில் மருத்துவரும், புகையற்ற அறையும், தாய்க்குக் கூலியோடு ஓய்வும் வேண்டும். இதைச் சொல்லாத திறனாய்வு தாலாட்டைப் பாதியே படித்ததாகும்.