ஸ்டீல் கிட்டாருக்கு எந்தப் பழைய ஆம்ப்?

பழைய ஆம்ப்ளிஃபையர்களைத் தரம் பிரித்து எழுதுபவர்களில் பெரும்பாலானோர் கிட்டார்காரர்கள். வால்யூமை ஏற்ற ஏற்ற ஒலி எந்த இடத்தில் உடைகிறது, உடையும்போது எவ்வளவு இனிமையாக உடைகிறது என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். அதே அளவுகோலை வைத்துக்கொண்டு பெடல் ஸ்டீல் வாசிப்பவருக்கும் "வால்வு செட்டா வாங்குங்க" என்று சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஸ்டீலுக்குத் தேவை கிட்டத்தட்ட நேர் எதிரான குணம்.

வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்கு: மேசை மாதிரி கிடத்திய கிட்டார், பெரும்பாலும் பத்துக் கம்பிகள். இடது கையில் கம்பிகள் மேல் வழுக்கும் ஓர் உலோகத் தடி. இடது காலும் முழங்கால்களும் சுருதியை மாற்றும். வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். என் வாதம் முழுக்க அந்த வலது காலில்தான் நிற்கிறது.

மீட்டிய கம்பியின் ஒலி உடனே தேய ஆரம்பிக்கும். வாசிப்பவர் பெடலைப் பாதியில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேய காலை அழுத்திக்கொண்டே போவார். கேட்பவருக்கு வயலின் போல அறுபடாத நாதம் கிடைக்கும். அப்படியென்றால் ஆம்பின் குமிழ்களைத் தேய்ந்துபோன ஒலிக்கு ஏற்பத்தான் வைக்க முடியும். பெடல் முழுக்க இறங்கியிருக்கும்போது அடுத்த கார்டைப் புதிதாக மீட்டினால்? கம்பி 15 டெசிபல் தேய்ந்திருந்தது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், புது மீட்டல் அதைவிட 15 டெசிபல் மேலே வந்து விழும். பவரில் அது 30 மடங்குக்கும் மேல். அதையும் ஆம்ப் உடையாமல் தாங்கணும்.

இன்னொன்று. கிட்டார்காரர்கள் கொண்டாடும் வால்வு உடைவு, உச்சியை மழுக்கி வாலை நீட்டித் தருகிறது. ஸ்டீலில் அந்த வேலையைக் கால் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஆம்பும் சேர்ந்து அதையே செய்தால், ஒரு ஸ்டீரிங்கை ரெண்டு பேர் பிடிச்ச கதைதான்.

இந்தக் கண்ணோடு மூன்று பெட்டிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, கலிஃபோர்னியாவின் டெம்பிள் சிட்டியில் பாப் குரூக்ஸ் 1953-ல் செய்ய ஆரம்பித்த ஸ்டாண்டல் 25எல்15. ஸ்பீடி வெஸ்ட் கையாண்ட பெட்டி. வெறும் 25 வாட். ஆனால் உள்ளே இருந்தது 15 அங்குல ஜேபிஎல் டி130 ஸ்பீக்கர். வாட்டை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஸ்பீக்கரின் உணர்திறன் 5 டெசிபல் கூடினால், 25 வாட் ஆம்ப் 80 வாட் வேலையைச் செய்யும். ஸ்டுடியோவுக்கு அது தாராளம். டிரம்ஸோடு ஒரு பெரிய நடனக் கூடம் என்றால் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது 1963-ல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். (லியோ ஃபெண்டர் 1945-ல் டாக் காஃப்மனோடு சேர்ந்து விற்றதே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீலும் அதற்கொரு சின்ன ஆம்பும்தான்.) நான்கு 6எல்6 வால்வுகள், சுமார் 85 வாட், ரெக்டிஃபையர் இடத்தில் வால்வுக்குப் பதில் டயோடு. அதனால் அழுத்தி வாசித்தாலும் மின்னழுத்தம் அதிகம் தளராது. உடையாத ஆம்ப் என்று சில கிட்டார்காரர்கள் குறை சொல்வது இங்கே பெரிய பாராட்டு.

ட்வினின் டோன் பகுதியை மட்டும் ஸ்பைஸில் வரைந்து பார்த்தேன். குமிழ்கள் எல்லாம் நடுவில் இருந்தால் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் நல்ல ஆழமான பள்ளம். இ9 சுருதியில் மூன்றாம் கம்பி 415 ஹெர்ட்ஸ்! அதன் அடிப்படை ஒலி பள்ளத்தில் அமுங்க, மேல் ஸ்வரங்கள் எழும்பி நிற்கின்றன. ட்வினில் ஸ்டீல் மினுமினுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பலவீனம் கீழே. சி6 சுருதியின் பத்தாம் கம்பி 65 ஹெர்ட்ஸ், சாதாரண கிட்டாரின் கீழ்க் கம்பியைவிடக் கீழே. முதுகு திறந்த பெட்டியில் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் அங்கே தொளதொளக்கும். ஃபெண்டரே 1970களில் ட்வினின் சர்க்யூட்டோடு ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரை வைத்து வைப்ரோசோனிக் ரிவெர்ப் என்று விற்றது. மூன்று பெட்டிகளைத் தாண்டி எனக்கு ஆசையான பெட்டி அதுதான். எடையைப் பற்றி மட்டும் கேட்காதீங்க.

மூன்றாவது, மிசிசிப்பியின் மெரிடியன் ஊர் பீவி கம்பெனியின் செஷன் 400. 1970களின் டிரான்சிஸ்டர் பெட்டி, 200 வாட், 15 அங்குல ஸ்பீக்கர். விண்டேஜ் பட்டியல்களில் இதைத் தேடணும். டிரான்சிஸ்டர் உடையும்போது கரகரவென்று அசிங்கமாக உடையும் என்பது குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் ஸ்டீல்காரர் அந்த எல்லைக்கே போகப்போவதில்லை. எல்லையில் ரோஜா இருந்தாலென்ன, முள் இருந்தாலென்ன? 85 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையே 4 டெசிபல்கூட இல்லை. ஆனால் வால்வு எல்லைக்கு முன்பே மழுங்க ஆரம்பிக்கிறது, இது கடைசி வரை நேர்க்கோடு. வலது கால் என்ன சொல்கிறதோ அதையே திருப்பிச் சொல்லும். அடுத்து வந்த நாஷ்வில் 400-இல் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு ஒலி உண்டு. 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட் குமிழைக் குறைப்பது ஸ்டீல்காரர்களின் வழக்கம்.

மினுமினுப்புக்கு ட்வின். ஆனால் மாலை முழுக்க மேடையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு, ரேடியோ ரிப்பேர் கடை ஜாடையில் இருக்கும் அந்தச் செஷன் 400-ஐத்தான் சொல்வேன்.

வாங்கப் போறவங்க ஒன்றைக் கவனிக்கணும். ஐம்பது வயதுப் பெட்டியில் எலெக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். அவற்றை மாற்றாத ட்வினையும் மாற்றிய செஷனையும் அருகருகே வைத்துக் கேட்டால், ஒப்பிடுவது ரிப்பேர்காரர்களைத்தான். விலை பேசும் முன் பெடலை முழுக்க அழுத்தி, கீழ்க் கம்பிகளோடு சேர்த்து ஒரு முழுக் கார்டை ஓங்கி மீட்டுங்க. உறுமினா அடுத்த பெட்டிக்குப் போங்க.