கழுவுகிறவர்களும் தொடாதவர்களும்: கதைப்பிரதியைத் திருத்தும் வேலை குறித்து

கதை எழுதுகிறவர்களுக்குப் பிரதியைத் திருத்திக் கொடுப்பது தமிழில் இப்போது ஒரு தொழிலாக வந்துகொண்டிருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பது, செம்மையாக்குவது, எடிட்டிங் என்று அதற்குப் பல பேர். பதிப்பகத்தில் சம்பளத்துக்கு இல்லாமல், எழுதுகிறவரிடமே கூலி பேசி வீட்டிலிருந்தபடி செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு நானும் இதைத்தான் செய்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து நம்ம பிள்ளைகள் நோட்டிலும் போனிலும் எழுதிக்கொண்டு வருவதைப் படிக்கிறேன்.

அச்சாகி வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தலித் அழகியல், தலித் மொழி என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் அந்தப் பிரதிக்கு என்ன நடந்தது, யார் அடித்தார்கள், யார் சேர்த்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊருக்குள்ளே தெருவைப் பிரித்து வைத்திருக்கிற சாதி, திருத்துகிறவர் கையிலிருக்கிற பென்சில் முனையில் மட்டும் இல்லாமல் போய்விடுமா?

‘செம்மை’ என்கிற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். செந்தமிழ், கொடுந்தமிழ் என்று மொழியை ரெண்டாக வகுந்த பழைய கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமி கொண்டுவந்த பாட்டில் நக்கீரர் குற்றம் கண்ட கதையும், தகுதியானவர்களுக்கு மட்டும் இடம் கொடுக்கிற சங்கப்பலகை பொற்றாமரைக் குளத்தில் மிதந்த கதையும் இந்த ஊர்க் கதைகள். திருக்குறள் அரங்கேறப் போனபோது வள்ளுவரின் பிறப்பைக் காட்டி மறித்ததாகவும் ஒரு கதை உண்டு. வள்ளுவர் பிறப்பைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகளை அயோத்திதாசப் பண்டிதர் வரிந்துகட்டி மறுத்தார். கதை பொய்யோ மெய்யோ, அதிலிருக்கிற கேள்வி மெய்யானது. எழுத்தை நிறுக்கிறபோது எழுதினவனின் பிறப்பையும் சேர்த்து நிறுத்தார்களா, இல்லையா?

இந்த ஊர்ப் பெருமைக்குள்ளேயே நமக்குப் பயன்படுகிற சங்கதி ஒன்று கிடக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் ஓலைச்சுவடிகளை ஒப்பிடும்போது, ஒரு சுவடியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் ஒன்றை மேலே வைத்து, மற்றதைக் கீழே பாடபேதமாகக் குறித்தார்கள். இருந்ததை இருந்ததாகச் சொல்லிவிட்டுத்தான் கையை வைத்தார்கள். செத்து ஆயிரம் வருசமான புலவனுக்குக் கிடைத்த இந்த மரியாதை, உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிற நம்ம எழுத்தாளனுக்குக் கிடைக்கிறதா? அவன் எழுதினது எது, திருத்தினவர் எழுதினது எது என்று பின்னாடி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாடபேதமே மிச்சமில்லை.

வெறுமனே பேசாமல் உதாரணம் தருகிறேன். ஒரு இளைஞர் எழுதிய கதை. வேறு ஒருவர் திருத்தி முடித்து, அச்சுக்குப் போகிற நிலையில் என் கைக்கு வந்தது. அறுபது வயசுக் கிழவரை நிலக்காரர் வீட்டுப் பத்து வயசுப் பையன் “டேய் மாயாண்டி, இங்க வாடா” என்று கூப்பிடுகிறான். “என்ன சாமி” என்று கிழவர் ஓடுகிறார். திருத்தின பிரதியில் அந்தப் பையன் “மாயாண்டித் தாத்தா, இங்கே வாங்க” என்கிறான். ஓரத்தில் ஒரு குறிப்பு: சிறுவன் பெரியவரை இப்படி அழைப்பது வாசகருக்கு முகச்சுளிப்பைத் தரும். முகம் சுளிக்கத்தானய்யா எழுதினான்! கதையே அந்த ‘வாடா’வில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், தாத்தாவும் பேரனும் கொஞ்சுகிற கதையாக ஆகிவிடுகிறது.

அதே கதையில் கதை சொல்கிறவன் தன் அப்பாவை ‘வந்தாரு’ என்றும், நிலக்காரனை ‘வந்தான்’ என்றும் எழுதியிருந்தான். ஊரில் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்லிப் பார்க்கிறான். திருத்தினவர் ஒருமை பன்மை மயங்கக்கூடாது என்று எல்லாரையும் ‘வந்தார்’ ஆக்கிவிட்டார். எல்லாருக்கும் மரியாதை கொடுத்தாச்சே, இதில் என்ன குறை என்று கேட்கலாம். தமிழில் சாதி வினைமுற்றுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆன், ஆர் என்கிற விகுதியில்தான் யார் திண்ணையில், யார் வாசலில் என்று தெரியும். அந்த விகுதியைச் சமப்படுத்தினால் ஊரில் சாதி ஒழியாது. கதையில் மட்டும் ஒழிந்துபோகும்.

இன்னொரு வரி. ‘ஆத்தா ராவைக்கு உலை வச்சா’ என்று எழுதியிருந்ததை ‘அம்மா இரவு உணவு சமைத்தாள்’ என்று மாற்றியிருந்தது. கூலி வாங்கி வந்த பிறகு ஒருவேளை மட்டும் உலை ஏறுகிற வீடு அது. ‘இரவு உணவு’ என்று சொன்னதும் காலை உணவும் மதிய உணவும் அந்த வீட்டில் இருந்தது மாதிரி ஆகிப்போகிறது. அர்த்தம் மாறவில்லை, நடைதான் மாறியிருக்கிறது என்கிறார்கள். ரெண்டு வேளைப் பட்டினி காணாமல் போயிருக்கிறது. இது அர்த்தம் இல்லையா?

1992ஆம் வருசத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த வருசம்தான் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தது. இன்றைய எழுத்துத்தமிழில் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று எடுத்துக்காட்டோடு வகுத்துச் சொன்ன பெரிய உழைப்பு. என் மேசையிலும் அது இருக்கிறது. அதே 1992இல் மதுரையிலிருந்து, சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டு, பாமாவின் ‘கருக்கு’ வந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த ஒரு பெண், தெருவில் பேசுகிற பேச்சிலேயே தன் வாழ்க்கையைச் சொன்ன புத்தகம். எழுவாய் பயனிலை சரியில்லை, கொச்சை என்று சொல்லி யாராவது அதை நாலு தடவை கழுவியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? பனைமட்டையின் ரெண்டு பக்கமும் இருக்கிற ரம்பப்பல்தான் கருக்கு. அதைச் சீவி வழவழப்பாக்கினால் மட்டை மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பேச்சுமொழியோடு வந்ததுதான் பிறகு லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குப் போய்ப் பரிசும் வாங்கியது.

பேச்சுமொழி என்பதற்காக மட்டும் தமிழிலக்கியம் யாரையும் தள்ளி வைத்துவிடவில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கில் எழுதியதைக் கொண்டாடினோம். 1982இல் அவர் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியே கொண்டுவந்தார். அது அருமையான வேலை. ஆனால் சம்சாரி வீட்டுத் திண்ணையில் பேசினால் வட்டார வழக்கு, மண்வாசனை. அதே கரிசலில் சேரித்தெருக் குழாயடியில் பேசினால் கொச்சை, ஆபாசம் என்று காது பழகியிருக்கிறது. திருத்துகிறவரின் காதும் அந்தக் காதுதான்.

இது நம்மூரில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன், 1860இல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கடத்திவரப்பட்ட குட்ஜோ லூயிஸ் என்கிற முதியவரை அலபாமாவில் சந்தித்து, அவர் வாழ்க்கையை அவர் பேசின பேச்சிலேயே எழுதினார். பிரதி 1931இல் தயாராக இருந்தது. கொச்சைப்பேச்சை விட்டு நல்ல மொழியில் மாற்றிக் கொடுத்தால் போடலாம் என்றது ஒரு பதிப்பகம். ஹர்ஸ்டன் மாற்ற மறுத்தார். 1960இல் அவர் செத்துப்போனார். ‘பாரகூன்’ என்கிற அந்தப் புத்தகம் 2018இல்தான் வெளிவந்தது. ஒரு திருத்தத்துக்கு மறுத்ததற்கு விலை எண்பத்தேழு வருசம். ஹர்ஸ்டனுக்கு மறுக்கிற திராணி இருந்தது. முதல் புத்தகம் போடத் துடிக்கிற இருபத்தி ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எத்தனை வருசம் காத்திருக்க முடியும்?

இதுவரை சொன்னது கழுவுகிறவர்களைப் பற்றி. இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நம்ம பிரதியைத் தொடவே மாட்டார்கள். “இது தலித் எழுத்து, பச்சையா இருக்கணும், நாங்க கை வைக்கக்கூடாது” என்பார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். எழுத்துப்பிழை அப்படியே கிடக்கும். மூணாம் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் கஞ்சி குடிப்பார். ஒரே சம்பவம் நாலு இடத்தில் வரும். எல்லாவற்றையும் ‘இயல்பு’ என்று சொல்லி அச்சடித்துவிடுவார்கள். அவர்கள் சாதிக்காரர் நாவலில் இப்படி ஒன்றைக் கண்டால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பவர்கள்தான் இவர்கள். நமக்கென்று வரும்போது மட்டும் கை கூசுகிறது. இதற்குப் பெயர் தீண்டாமை, வேறென்ன? நம்மகிட்டக் கதறல் மட்டும்தான் இருக்கும், கலை இருக்காது, கதறலுக்கு எதற்கு எடிட்டிங் என்கிற நினைப்பு அதற்குள்ளே இருக்கிறது.

கழுவுகிறவர் நம்ம மொழியை அழுக்கு என்று நினைக்கிறார். தொடாதவர் நம்ம கலையை இல்லையென்று நினைக்கிறார். ரெண்டுமே சாதிப்புத்திதான்.

அப்படியானால் நமக்கு எடிட்டிங் வேண்டும் என்கிறாயா என்று கேட்டால், ஆமாம், கண்டிப்பாக வேண்டும் என்பேன். க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் காலமானார். பிரதியைத் திருத்துவதைத் தமிழ்ப் பதிப்பில் தனியொரு வேலையாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாகத்தான் வந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதையைச் சொன்ன அந்த நாவலின் அரசியல் பற்றித் தலித் விமரிசகர்களுக்குள் கடுமையான சண்டை நடந்தது. ராஜ் கௌதமன் அதைக் கடுமையாக விமரிசித்தார். அந்தச் சண்டை தேவையானது. ஆனால் ஆரோக்கியத்தின் பேச்சும் ஒப்பாரியும் அந்தத் தெருவின் பேச்சாகவே நாவலில் நிற்கின்றன. மொழியைக் கழுவாமலேயே ஒரு பிரதியை நேர்த்தியாக அச்சேற்ற முடியும் என்பதற்கு அது கண்முன்னால் இருக்கிற சாட்சி.

நான் பார்க்கிற வேலை இதுதான். ஒரு தங்கச்சி 240 பக்கத்தில் ஒரு நாவல் கொண்டுவந்தது. சொல்லை நான் தொடவில்லை. கேள்விதான் கேட்டேன். கண்மாய் உடைந்தது அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? பெரியம்மாவைச் சில இடத்தில் ‘பெரியம்மா’ என்றும் சில இடத்தில் ‘பெரியாத்தா’ என்றும் எழுதியிருக்கிறாயே, ரெண்டும் ஒரே ஆளா? இந்த அஞ்சு பக்கத்தில் நீ கதை சொல்கிறாயா, மேடையில் பேசுகிறாயா? கடைசிக் கேள்விக்கு அந்தப் பிள்ளைக்குக் கோவம் வந்துவிட்டது. “அண்ணே, அந்த அஞ்சு பக்கந்தான் எங்க தெருவு. அதை விடமாட்டேன்” என்று போய்விட்டது. பதினைஞ்சு நாள் கழித்து வந்தபோது அஞ்சு பக்கம் ரெண்டு பக்கமாகியிருந்தது. அதில் மேடைப்பேச்சு இல்லை. ஒரு கிழவி குடத்தைப் போட்டு உடைக்கிறாள். அதை எழுதினது அந்தத் தங்கச்சி. நான் கேட்டதோடு சரி. திருத்துகிறவனுக்கு அவ்வளவுதான் உரிமை.

காசு விசயத்தையும் பேசாமல் விடக்கூடாது. ரேமண்ட் கார்வர் 1981இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியில் பதிப்பகத்தின் எடிட்டரான கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். வேண்டாமென்று கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் புத்தகம் அப்படியேதான் வந்தது. அவர் எழுதினபடியான பிரதி அவர் செத்து இருபது வருசத்துக்கு மேலான பிறகு, 2009இல் அச்சானது. எடிட்டர் அங்கே பதிப்பகத்தின் ஆள். எழுதுகிறவரே கூலி கொடுத்து வைத்துக்கொள்கிற எடிட்டர் அப்படி வெட்ட முடியாது. வெட்டினாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுத்தாளர் பிரதியைத் தூக்கிக்கொண்டு போகலாம். தனியாகச் செய்யப்படுகிற இந்தத் தொழிலில் நமக்கு இருக்கிற நல்ல அம்சம் இதுதான்.

ஆனால் கூலி கொடுக்க நம்ம பிள்ளைகளிடம் காசு எங்கே இருக்கிறது? அதனால் ‘சும்மா பார்த்துத் தர்றேன் தம்பி’ என்கிறவரிடம் போகிறார்கள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். காசாகக் கொடுக்க முடியாததை நன்றியாகக் கொடுக்கிறார்கள். நன்றிக்கடன் பட்டவன் ‘இந்தத் திருத்தம் வேண்டாங்க’ என்று எப்படிச் சொல்வான்? பண்ணையில் பட்ட கடன் மாதிரி இதுவும் தீராத கடன்.

எனவே சில காரியங்களை நாமே செய்யவேண்டியிருக்கிறது. ஒன்று, திருத்தின பிரதியையும் திருத்தாத பிரதியையும் எழுத்தாளர் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். எதை மாற்றினார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் திருத்தம் இருக்க வேண்டும். கணினியில் இது ரொம்பச் சுலபம். ரெண்டு, பேச்சுச் சொல்லை மாற்றுவதானால் ஏன் என்று எழுதிக் கேட்க வேண்டும்; கேள்விக்குறி போடலாம், அடிக்கோடு போடலாம், அடிக்கக்கூடாது. மூணு, கூலியை முன்னாடியே பேசிவிட வேண்டும். கொடுக்க முடியாதவர்களுக்கு நம்ம இயக்கங்களும் இதழ்களும் சேர்ந்து கொடுக்க வேண்டும். மேடைக்கும் மாலைக்கும் செலவழிக்கிறதில் ஒரு பங்கு போதும். நாலு, இந்த வேலையை நம்ம பிள்ளைகளே கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்னது புதுசாக வந்த ஆசை கிடையாது. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆரம்பித்தார். அவர்களே எழுதினார்கள், அவர்களே ஆசிரியராக இருந்து அடுத்தவர் எழுத்தை ஏற்றார்கள், திருத்தினார்கள், தள்ளினார்கள். நூறு வருசத்துக்கு முன்னாலேயே பென்சில் நம்ம கையில் இருந்திருக்கிறது. ரொம்பக் காலம் அந்த நினைப்பே நமக்கு இல்லாமல் போனது, 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்துக் கொடுத்த பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

எழுத வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்லுவேன். பிரதியை நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், பிழையைத் திருத்துங்கள், சளசளப்பை வெட்டுங்கள். ஆனால் அந்தப் பத்து வயசுப் பையன் சொன்ன ‘வாடா’வை யாராவது ‘வாங்க’ என்று மாற்றினால் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.