கால் சுற்று

கியர் சைக்கிளின் பின்பக்கம், கேபிள் வந்து நுழையும் இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு உருளைத் திருகு இருக்கும். அதைத் தொடாமலேயே வருஷக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தொங்கவிட்டு, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே அந்தத் திருகை இடப்புறமாகக் கால் சுற்று திருப்பினால் கேபிள் மயிரிழை இறுகும். அதுவரை பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மனமில்லாமல் கரகரத்த செயின், டக்கென்று ஏறி உட்காரும். பிறகு மெல்லிய சர்ரென்ற ஓட்டம் மட்டும். வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல இதிலும் காதைத்தான் நம்ப வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவை யூடியூப் காணொளிகள். பார்க் டூல் நிறுவனத்தினுடையவை தனி ரகம்: பேச்சில் அவசரமில்லை, கேமரா திருகை விட்டு நகராது. பின்பக்கக் கியர் மாற்றியில் ‘எச்’, ‘எல்’ என்று குறித்த வேறு இரண்டு திருகுகளும் உண்டு. ‘எச்’ திருகு செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு வெளியே விழாமல் நிறுத்தும். ‘எல்’ திருகு அது பெரியதைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிகளில் சிக்காமல் காக்கும். இரண்டையும் தேவையில்லாமல் சீண்டாதிருப்பதே பாதித் திறமை. (கிரீஸ் விரலோடு காணொளியை நிறுத்த மூக்குதான் வசதி.) எனக்குப் பிடித்தது துடைக்கிற வேலை. பழைய பனியன் துணியைப் பல்சக்கரங்களின் இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுக்க, கறுப்புப் பசை கழன்று எஃகு பளிச்சிடும். செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். உள்ளே இறங்கியதும் வெளியே நிற்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும். விட்டால் தெருப்புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும்.