ஆள் இருக்கும்போதே

டெல்லி கரோல் பாக்கில் ஒரு பழைய பங்களா. விலாசம் 16/330, கஜூர் ரோடு. 'இந்தியன் ஓஷன்' இசைக்குழு பல வருடங்கள் அங்கேதான் ஒத்திகை பார்த்தது. 2010இல் அந்த விலாசத்தையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்கள். மாதம் ஒரு பாட்டு என்று ஏழு பாட்டுகள். ஏழையும் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்போது அந்தக் குழுவுக்கு வயது இருபது. பெயர் தெரியாதவர்கள் ஓசியில் கொடுத்தால் அதை விளம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் ஊராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிற குழு எதற்காக மெனக்கெட்டுப் பதிவு செய்து சும்மா கொடுக்க வேண்டும்?

காசுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் ரெக்கார்டு விற்பனை என்றாலே சினிமாப் பாட்டுதான். சினிமாவுக்கு வெளியே நிற்கிற குழுவுக்குக் கேசட் காலத்திலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, சிடி காலத்திலும் மிஞ்சவில்லை. இப்போதைய ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் வருவது பைசாக் கணக்கு. சோறு போடுவது மேடைதான். புதுக் குழுவுக்காவது பதிவு ஒரு விசிட்டிங் கார்டு. கல்லூரி விழாக் குழுவிடம் நீட்டலாம், வானொலிக்கு அனுப்பலாம். இருபது வருடக் குழுவுக்கு அந்தக் கார்டும் தேவையில்லை.

இந்தியன் ஓஷனை 1990இல் தொடங்கியவர்கள் கிதார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அசீம் சக்கரவர்த்தியும். பிறகு பேஸ் கிதாருக்கு ராகுல் ராம் வந்தார். நர்மதைப் போராட்டத்தில் இருந்தவர். அந்தப் பள்ளத்தாக்கின் நாட்டுப்பாட்டுதான் இவர்களிடம் 'மா ரேவா' ஆயிற்று. டிரம்ஸுக்கு அமித் கிலம். முதல் ஆல்பம் 1993இல் எச்எம்வி வழியாக வந்தது. அடுத்தது வர நான்கு வருடம் ஆனது, அதுவும் ஸ்டுடியோவில் செய்ததில்லை. நாடகக்காரர் சஃப்தர் ஹாஷ்மி 1989 புத்தாண்டு அன்று தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவர் நினைவாக டெல்லியில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். 1997 ஜனவரி 1 அன்று அந்தக் கூட்டத்தில் இவர்கள் வாசித்ததைப் பதிவு செய்து, அதையே 'டெசர்ட் ரெய்ன்' என்று வெளியிட்டார்கள். மேடையில் நடந்தது நடந்தபடி. இவர்களைப் பற்றிப் பேசுகிற பலரும் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஆல்பத்தைத்தான்.

அப்படியானால் மேடையிலேயே ஒரு மைக்கை வைத்துவிட்டால் போதாதா? போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழு, ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்து பதிவு செய்துகொள்வதைத் தடுக்கவில்லை; 1984 முதல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. வாஷிங்டனின் 'ஃபுகாசி' வேறு வகை. 1987இல் மேடையேறிய குழு. டிக்கெட் ஐந்து டாலரைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். பெரிய கம்பெனிகள் பக்கம் போகாமல், குழுவைச் சேர்ந்த இயான் மக்கே நண்பரோடு சேர்ந்து 1980இல் தொடங்கிய 'டிஸ்கார்ட்' நிறுவனத்திலேயே எல்லா ஆல்பங்களையும் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் கச்சேரி செய்து, அதில் எண்ணூறுக்கு மேல் தாங்களே பதிவும் செய்து வைத்தார்கள். இத்தனை டேப் கையில் இருந்தும் ஸ்டுடியோவை விடவில்லை. 1992இல் சிகாகோ போய் ஸ்டீவ் அல்பினியோடு ஓர் ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஊர் திரும்பிக் கேட்டால் திருப்தியில்லை. அப்படியே ஓரம் கட்டிவிட்டு, பக்கத்து ஆர்லிங்டனில் தங்களுக்குப் பழகிய 'இன்னர் இயர்' ஸ்டுடியோவில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 1993இல் வந்தது இரண்டாம் தடவை செய்ததுதான்.

ஸ்டுடியோவில் அப்படி என்ன இருக்கிறது? மேடையில் பாட்டு கூட்டத்தோடு ஓடும். கை தட்டினால் வேகம் கூடும், பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் கிதார் இரண்டு சுற்று அதிகமாக வாசித்துச் சமாளிக்கும். பதிவறையில் ஆளுக்கொரு ஹெட்ஃபோன். அதில் டிக் டிக் என்று கிளிக். டிரம்ஸ் ஓர் அறை, பாடகர் கண்ணாடிக்குப் பின்னால். முதல் டேக்கைப் போட்டுக் கேட்கும்போது, 'நாம எப்பவுமே இவ்வளவு வேகமாவா வாசிக்கிறோம்?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இரண்டாம் சரணத்தில் பேஸ் ஒரு சுரத்தைப் பிடிக்கிறது, கிதார் அதற்கு ஒத்துவராத இன்னொன்றைப் பிடிக்கிறது. பத்து வருடமாக அப்படித்தான் நடந்திருக்கிறது, ஸ்பீக்கர் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பாட்டு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதில் நான்கு பேருக்கும் நான்கு எண்ணம் இருந்ததும் அன்றைக்குத்தான் வெளியே வரும். சண்டை வரும். டீ வரும். மறுபடி டேக். நெடுநாள் சேர்ந்து வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கேட்பதை எப்போதோ விட்டிருப்பார்கள், பழைய தம்பதிகளைப் போல. பதிவறை அவர்களைத் திரும்பக் கேட்க வைக்கிறது.

ஆனால் இதற்காக மட்டும் யாரும் ஸ்டுடியோ வாடகை கட்ட மாட்டார்கள். இன்னொரு காரணம் இருக்கிறது. அதை மேடையில் நிற்பவர்கள் அவ்வளவாக வாய்விட்டுச் சொல்வதில்லை.

கல்கத்தாவில் எழுபதுகளின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர்: 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள். பாவுல் பாட்டையும் மேற்கத்திய ராக்கையும் ஜாஸையும் ஒன்றாகப் போட்டு வங்காளியில் பாடினார்கள். 1977 முதல் 1979 வரை வருடத்துக்கு ஒன்றாக மூன்று சிறிய ரெக்கார்டுகள். ஊர் காது கொடுக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் குழு கலைந்தது. 1995இல் கௌதம் புதுத் தலைமுறைப் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு 'அபார் பொச்சோர் குரி பொரே' என்ற தொகுப்பைக் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியிட்டார். 'மறுபடி, இருபது வருடம் கழித்து' என்று பொருள். இந்த முறை ஊர் கேட்டது. பழைய ரெக்கார்டுகளையும் தேட ஆரம்பித்தார்கள். கௌதம் 1999இல் காலமானார். அந்தத் தொகுப்பில் இருந்த ஒரு மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் ஏறி நாடு முழுக்க ஒலித்தது. மூன்று ரெக்கார்டையும் அன்றைக்குப் போடாமல் இருந்திருந்தால், அந்தக் குழு கல்கத்தாக் காபிக் கடைகளில் வயதானவர்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு கதையாகத்தான் மிஞ்சியிருக்கும்.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாக்களில் எத்தனையோ பாடியவரோடு போய்விட்டன. தப்பியவை சிலவற்றைச் சினிமா எடுத்துக்கொண்டது, பாடியவர் பெயர் கூடப் போகவில்லை. பதிவு இல்லாத பாட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவது சுலபம்.

மறுபடி கஜூர் ரோட்டுக்கு வருகிறேன். அந்த ஏழு பாட்டுகளிலும் அசீம் இருக்கிறார். ஆனால் முதல் பாட்டு வெளிவரும்போது அவர் இல்லை. 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். ஆள் இருக்கும்போதே பதிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். வருகிற ஆபத்தை மோப்பம் பிடித்துச் செய்தார்கள் என்று சொன்னால் அது கதை கட்டுவதாகிவிடும். பாட்டு தயாராக இருந்தது, பதிவு செய்தார்கள். ஆனால் நெடுநாள் ஓடுகிற எந்தக் குழுவிலும் ஆள் கழன்றுகொண்டே இருப்பார்கள். சாவு, குடும்பம், மனஸ்தாபம், முதுகுவலி, ஏதோ ஒன்று. 2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். அதற்கடுத்த வருடம் வந்த 'தந்தானு' ஆல்பத்தில் விருந்தாளிகளைச் சேர்த்துக்கொண்டு வாசித்தார்கள். நம்மூர் கஞ்சிராக்காரர் செல்வகணேஷும் வயலின் குமரேஷும் அதில் உண்டு. 2023இல் 'தூ ஹை' வந்தது. குழு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தொடங்கிய இருவரில் ஒருவரும் அதில் இல்லை.

2000இல் வந்த அவர்களுடைய 'கந்தீசா' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாட்டு. அதை இன்றைக்கும் ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறார்கள், இவர்களும் வாசிக்கிறார்கள். அசீம் சப்பணம் போட்டு உட்கார்ந்து தபலாவை அடித்துக்கொண்டே பாடுவார். கையும் குரலும் ஓர் ஆளுடையவை. அவர் போன பிறகு அந்த இடத்துக்கு இரண்டு பேர் வர வேண்டியிருந்தது: தபலாவுக்கு துஹீன் சக்கரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. நன்றாகத்தான் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து பழைய பதிவைப் போட்டால், தபலா ஒரு கணம் தயங்குகிற இடத்தில் குரலும் தயங்குகிறது.