செப்பேடும் மாணவனும்

வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள் எழுதும் நூல்களை நான் விரும்பிப் படிப்பதுண்டு. பெரும்பாலும் ஏமாந்து போவதும் உண்டு. கட்டடங்களின் உயரம் இருக்கும், ரயில் புறப்பட்ட நேரம் இருக்கும். அங்கே போய் வாழ்ந்த மனிதன் மட்டும் இருக்கமாட்டான்.

சென்ற மாதம் வில்லியனூர் இளைஞர் ஒருவர் கையெழுத்துப் பிரதி ஒன்றுடன் வந்தார். பிரான்சின் தெற்கே, துலூஸ் நகரில், இரண்டாண்டு படித்தவர். வில்லியனூர்ப் பிள்ளைக்குப் பிரான்ஸ் புதிய பெயரல்ல. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அது. திருக்காமீசுவரர் கோயில் தேர்வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னரே பிடித்து இழுத்ததுண்டு. உள்ளாட்சியை இன்றும் ‘கொம்யூன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ஆவலோடு படித்தேன்.

ஓர் இடம் நன்றாக இருந்தது. ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் இவர் ரொட்டி கேட்கிறார். கடைக்காரி ‘போன்ழூர்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறாள். மறுபடி கேட்கிறார், மறுபடியும் ‘போன்ழூர்’. முதலில் வணக்கம், பிறகுதான் வாணிபம் என்பது அந்நாட்டு மரியாதை. நம் ஊர் மளிகைக் கடையில் அப்படி வணக்கம் சொன்னால், கடன் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்! இந்த ஒரு பக்கத்தில் இரண்டு நாடுகளும் தெரிகின்றன. மற்றப் பக்கங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

“தம்பி, அங்கே யாராவது உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டதுண்டா?” என்றேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டுக்கார அம்மாள் ஆண்டுதோறும் லூர்து நகருக்குப் போய் வருபவள். ‘எங்கள் ஊரிலும் லூர்து மாதா கோயில் உண்டு’ என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ‘உள்ளே எப்படியிருக்கும்?’ என்று கேட்டாளாம். இவருக்குப் பதில் தெரியவில்லை. சைவக் குடும்பம். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் எதிரே இருக்கும் குளத்தைப் பார்த்தாரே தவிர, உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. ஊர் திரும்பிய மறுநாள்தான் முதன்முதலாக உள்ளே போனாராம்.

“இதை ஏன் எழுதவில்லை?”

“அது என் வெட்கக்கேடு, சார். கடன் வாங்கி அனுப்பிய அப்பா படிக்கப் போகிற புத்தகம்.”

நம்மவர் நூல்கள் ஏன் இப்படியிருக்கின்றன என்பதற்கு விடை அதிலே இருந்தது. ஊர் வெற்றிச் செய்தியை எதிர்பார்க்கிறது. எழுதுகிறவனும் ஊருக்குக் கணக்கு ஒப்பிக்கிறான். அவன்மேல் எனக்கு இரக்கமுண்டு. ஆனால் கணக்கு இலக்கியமாகாது.

ஏ. கே. செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். 1930களில் டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1940இல் வந்த அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ இன்றும் படிக்கச் சுவையாக இருக்கிறது. அவர் தம்மை உயர்த்திக் காட்டிக்கொள்வதில்லை. எதிரே நிற்கும் மனிதரைப் பேசவிட்டு, தாம் சற்று ஒதுங்கி நிற்கிறார். பிறரைக் கவனித்த கண்ணிலேயே கவனித்தவனும் தெரிந்துவிடுகிறான்.

வில்லியனூருக்குத் தெற்கே பாகூர் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்த செய்தியைச் செப்பேடு சொல்கிறது. அந்தச் செப்பேடே பின்னால் கடல் கடந்து பாரிசு தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. அரசன் யார், கிராமங்கள் எவை, எல்லை எது என்பதெல்லாம் அதில் உண்டு. அங்கே தங்கிப் படித்த பிள்ளைகள் ஊர்ப் பேச்சைக் கேட்டு விழித்தார்களா, இரவில் வீட்டை நினைத்து அழுதார்களா என்பது இல்லை. செப்பேட்டின் வேலை அதுவல்ல. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாணவனே எழுதும் நூலும் செப்பேடாகிவிட்டால், அந்த அழுகையை வேறு யார் எழுதுவது?

பிரதியைத் திருப்பிக் கொடுத்து இதைத்தான் சொன்னேன். வெட்கப்பட்ட இடத்தை எழுதினால் அப்பா வருந்துவார் என்பது அவர் கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குளத்தைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போகாதவர்களில் அப்பாவும் ஒருவராயிற்றே!