குசும்பு யாருடையது?

'சின்னத்தம்பி' கவுண்டமணியை மறந்திருக்க மாட்டீர்கள். மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. அதை மறைக்க அவர் படுகிற பாட்டுக்குத் தியேட்டரே குலுங்கியது. 1991-ல் நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். மனுஷன் உடுமலைப் பக்கத்துக்காரர், நம்ம ஊர் நக்கல் என்ற பெருமை வேறு! நாலு சீட் தள்ளி நிஜமாகவே மாலைக்கண் உள்ள ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா? அன்றைக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு வழக்கு. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் உடல் குறையைக் கேலி செய்கிறது என்று, சக்கர நாற்காலியில் இயங்கும் நிபுன் மல்ஹோத்ரா கோர்ட் படியேறினார். 2024 ஜூலையில் தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட், படத்தின் சென்சாரில் கை வைக்கவில்லை. ஆனால், அருமையாக ஒரு கோடு கிழித்தது. குறையைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு, குறையுள்ளவரை மட்டம் தட்டுகிற நகைச்சுவை வேறு. அவர்களைப் பற்றி எடுத்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு எடுங்கள் என்றும் சொன்னது.

சேர்ப்பது என்றால் நம்மவர்களுக்கு நடிக்க வைப்பதோடு சரி. அதுவும் லேசான காரியம் இல்லை. 'நாடோடிகள்' (2009) அபிநயாவுக்குக் காது கேட்காது, பேச வராது. படத்தில் அவர் சரளமாகப் பேசும் தங்கை! எத்தனை பேர் கண்டுபிடித்தோம்? 2025-ல் நம்ம ஊர் ஆர்.எஸ்.பிரசன்னா இயக்கிய 'சிதாரே ஜமீன் பர்' படத்தில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றோடு வாழும் பத்துப் பேர் நடித்து அசத்தினார்கள். ஆனாலும் திருந்துவதும் வளர்வதும் கோச் அமீர் கான்தான். இவர்கள் அவருக்குப் பாடம் நடத்த வந்தவர்கள். எனக்கு உறுத்தியது.

'கிரிப் கேம்ப்' (2020) பாருங்கள். முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த ஜிம் லெப்ரெக்ட், நிக்கோல் நியூன்ஹாமோடு சேர்ந்து எடுத்த டாக்குமென்டரி. 1971-ல் தான் போன கோடை முகாமைக் காட்டுகிறார். காதல், கிண்டல், முகாமில் பேன் பரவிய கூத்து... தங்களைத் தாங்களே கலாய்த்துக்கொள்கிறார்கள். 'ஐயோ பாவம்' மருந்துக்கும் இல்லை. அந்தக் கும்பலில் சிலர்தான் 1977-ல் சான் பிரான்சிஸ்கோ அரசு ஆபீஸில் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து உரிமையை வாங்கியவர்கள்.

கோயமுத்தூர்க் குசும்புக்கு ஒரு கணக்கு உண்டுங்க. அடுத்தவனுக்கு ஒரு தட்டு, தனக்கு ரெண்டு தட்டு. மாலைக்கண் உள்ள ஒரு கோயமுத்தூர்க்காரர் எழுதி, இயக்கினால் அந்த ஆறு மணிக் காட்சியில் தடுமாறுவது அவராக இருக்காது. ''புடிச்சுக்கோங்கண்ணா, ரோட்டைத் தாண்டி உடறனுங்க'' என்று கேட்காமலேயே கையைப் பிடித்து இழுத்துப் போய், அவர் போக வேண்டாத பக்கத்தில் விட்டுவிட்டு, புண்ணியம் தேடிக்கொண்ட திருப்தியில் திரும்பும் நானாக இருக்கும்.

அதற்கும் தியேட்டர் குலுங்கும்.